ஐந்தாண்டுக்கு 150 புள்ளிகள்

மாசசூசெட்ஸ் மாநில அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்த உரிமம் வேண்டும். முழுத் தகுதி பெற்ற ஆசிரியரின் உரிமத்துக்கு ஆயுள் ஐந்தாண்டு. அது முடிவதற்குள் 150 தொழில் வளர்ச்சிப் புள்ளிகள் சேர்த்து, 100 டாலர் கட்டி, மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் இன்னும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். ஆசிரியர்கள் இந்தப் புள்ளிகளை பி.டி.பி. என்பார்கள், கல்வித் துறையை டெசி என்பார்கள். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு பி.டி.பி.

பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் குடியேறிய தமிழ்ப் பெண்களில் ஊரில் பி.எட். முடித்துப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பொங்கல் விழாவிலோ தமிழ்ப் பள்ளி வாசலிலோ என்னைப் பார்த்தால் விசாரிப்பார்கள். உரிமம் வாங்குவது எப்படி என்று கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி, “அதை வேற திரும்பத் திரும்பப் புதுப்பிக்கணுமாமே, ரொம்பக் கஷ்டமா அக்கா?” என்பதாக இருக்கும். விண்ணப்பம் போடுவதில் ஒரு கஷ்டமும் கிடையாது. அரை மணி நேரத்து வேலை. அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் இருக்கும் ஐந்தாண்டுகளில் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை.

நான் பாளையங்கோட்டையில் படித்தவள். கணிதத்தில் எம்.எஸ்ஸி., பிறகு பி.எட்., பிறகு அங்கேயே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை. கல்யாணமாகி இங்கே வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகு என் சான்றிதழ்களையெல்லாம் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். நம் மூன்றாண்டு பி.எஸ்ஸி.யை மட்டும் காட்டினால் இங்குள்ள நான்காண்டு இளங்கலைப் பட்டத்துக்கு நிகர் என்று எல்லா மதிப்பீட்டாளர்களும் எழுதித் தருவதில்லை. முதுகலையும் சேர்ந்திருந்தால் சிக்கல் குறைவு. பிறகு எம்டெல் என்கிற மாநிலத் தேர்வு. எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு தாள், பாடம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு தாள், இரண்டிலும் 240 எடுக்க வேண்டும். 1998இல் முதன்முதலில் இந்தத் தேர்வை நடத்தியபோது எழுதியவர்களில் 59 சதவீதத்தினர் தோற்றுப்போனார்கள். அந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவி ஆசிரியர்களைப் பற்றி மோசமான பேச்சுகளைக் கிளப்பியது என்று மூத்த சக ஆசிரியர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்வார்கள்.

தேர்வு முடிந்தால் தொடக்க நிலை உரிமம். மூன்றாண்டு வேலை, மூத்த ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதல், மேற்படிப்பு ஆகியவை முடிந்தால் ‘புரொஃபஷனல்’ உரிமம். புதுப்பிக்கும் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் இங்கேயும் ஆசிரியர் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். 1993 ஜூன் மாதம் அதை மாற்றிவிட்டார்கள். ஏழை ஊர்ப் பள்ளிகளுக்கும் பணக்கார ஊர்ப் பள்ளிகளுக்கும் இடையே இருந்த பணப் பாகுபாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான கல்வி தருவது மாநிலத்தின் கடமை என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது வந்த சில நாள்களிலேயே ஆளுநர் வில்லியம் வெல்ட் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பள்ளிகளுக்குக் கூடுதல் பணம், பிள்ளைகளுக்கு மாநில அளவிலான தேர்வு, ஆசிரியருக்கு ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிப்பு என மூன்றும் ஒரே சட்டத்தில் வந்தன. பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. அதே மூச்சில் ஆசிரியரிடமும் ஒரு வாக்கை வாங்கிக்கொண்டது. புதுப்பிப்பைச் சுமை என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் இந்த வரலாற்றைத்தான் சொல்வேன்.

150 புள்ளிகளை எப்படி வேண்டுமானாலும் சேர்க்க முடியாது. பாட அறிவுக்குக் குறைந்தது 15, கற்பிக்கும் முறைக்கு 15, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது பற்றி 15, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கும் வெவ்வேறு விதமாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் கற்பிப்பது பற்றி 15. மீதி 90 நம் விருப்பம். அதையும் பள்ளியின் தேவையோடு பொருத்தித் திட்டமாக எழுதி மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அரை நாள் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் புள்ளி கிடைக்காது. ஒரே பொருளில் பத்து மணி நேரமாவது படித்து, கற்றதைக் காட்ட எதையாவது செய்து கொடுக்க வேண்டும்: பாடத்திட்டமோ வினாத்தாளோ மாணவர் வேலைகளை அலசி எழுதிய குறிப்போ. இந்த ‘செய்து கொடுப்பது’ என்கிற விதியை எழுதியவர் யாரோ எனக்குத் தெரியாது. வகுப்பறையில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவதாகச் சொன்ன 15 புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியிலும் பாடம் நடத்த வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் மாசசூசெட்ஸ், அது 1971. 2002இல் மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தூக்கிவிட்டு, எல்லோரும் ஆங்கில வகுப்பிலேயே உட்காரட்டும் என்று முடிவு செய்தார்கள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. 2011இல் மத்திய நீதித் துறை தலையிட்டு, மாநிலம் தன் கடமையில் தவறுகிறது என்று எழுத்தில் சொன்னது. அடுத்த ஆண்டு மாநிலம் ரீடெல் என்ற பெயரில் ஒரு பெரிய பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆங்கிலம் கற்கும் பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தாலும், முக்கியப் பாடம் எடுக்கிற ஆசிரியர் எஸ்.இ.ஐ. என்ற கூடுதல் தகுதி பெற வேண்டும் என்றானது. 2016 ஜூலை முதல் உரிமம் புதுப்பிக்கிற எல்லோருக்கும் இந்த 15 புள்ளி கட்டாயம். மறுபடி அவரவர் மொழியில் கற்பிக்கப் பள்ளிகளுக்கு வழிவிடும் சட்டம் 2017 நவம்பரில் வந்தது.

எஸ்.இ.ஐ. வகுப்பு பள்ளி முடிந்த பிறகு மாலையில் நடந்தது. கணிதக்காரர்கள் பலருக்கு அதில் வெறுப்பு. எண்ணுக்கு மொழி ஏது, ஆங்கில ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையை நம் தலையில் ஏன் கட்டுகிறார்கள் என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. ஆங்கிலத்தில் நினைத்துப் பழகாத மூளை, கணக்குப் புரிந்தும் வாக்கியம் புரியாமல் நிற்கும் நிலையை நான் அறிந்தவள். நான் போனது, அந்த நிலையிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவர வழி இருக்கிறதா என்று பார்க்க.

நான் வேலை பார்க்கும் பகுதி ஃப்ரேமிங்ஹாமைச் சுற்றியது. அங்கே பிரேசில்காரர்கள் அதிகம்; பல குடும்பங்கள் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலிருந்து வந்தவை. போர்த்துகீசியம் பேசுவார்கள். ஆண்டு நடுவில், பனி கொட்டும் ஜனவரியில், புத்தம்புது குளிர் அங்கியோடு ஒரு பையன் கதவைத் திறந்துகொண்டு வருவான். கணக்கு நன்றாகத் தெரிந்த பையனாக இருப்பான். கணினியில் வீட்டுப்பாடம் செய்தால் பாதிக்கு மேல் சிவப்பாக வரும்.

எஸ்.இ.ஐ. வகுப்பில் எங்களிடம் கேட்ட வேலை, நம் பாடத்தில் ஆங்கிலம் கற்கும் பிள்ளை எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்து அதற்கு ஒரு கருவி செய்து வர வேண்டும் என்பது. நான் ஒரு தாள் தயாரித்தேன். மேலே, ‘உங்கள் ஊரில் இதை எப்படி எழுதுவீர்கள்?’ என்று போர்த்துகீசியத்திலும் ஸ்பானியத்திலும், அந்த மொழிகள் தெரிந்தவர்களிடம் எழுதி வாங்கினேன். கீழே ஒரு தசம எண், ஒரு பெரிய எண், ஒரு நெடு வகுத்தல், ஓர் இருபடிச் சமன்பாடு. அவ்வளவுதான் தாள்.

திரும்பி வந்த தாள்களைப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. பிரேசிலில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளி. இரண்டரையை 2,5 என்று எழுதுகிறார்கள். ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு நடுவே புள்ளி வைத்து 1.250 என்று எழுதுகிறார்கள். வீட்டுப்பாட மென்பொருளுக்கு முதலாவது புரியாது; இரண்டாவதை ஒன்றேகால் என்று படித்துக்கொள்ளும். ஒன்று என்ற எண்ணை மேலே நீண்ட கொக்கி போட்டு எழுதுவதால் இங்குள்ளவர் கண்ணுக்கு அது ஏழாகத் தெரியும். உண்மையான ஏழுக்கு அவர்கள் நடுவில் ஒரு கோடு போடுவார்கள். நெடு வகுத்தலில் வகுக்கும் எண்ணை வலப் பக்கம் வைத்து, ஈவை அதற்குக் கீழே எழுதுகிறார்கள். இங்கே வகுக்கும் எண் இடப் பக்கம், ஈவு மேலே. இவற்றில் ஒன்றுகூடக் கணக்குப் பிழை இல்லை. லட்சத்தை 1,00,000 என்று பிரித்து எழுதிப் பழகி, இங்கே வந்து மூன்று மூன்றாகப் பிரிக்கக் கற்றுக்கொண்ட எனக்கு அந்தப் பிள்ளைகளின் கை எப்படித் தயங்கும் என்பது சொல்லாமலே தெரிந்தது.

ஆனால் அந்தத் தாளில் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசிக் கேள்வி. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்தை எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு பெண் ‘பாஸ்கரா’ என்று எழுதியிருந்தாள். அடுத்த தாளிலும் பாஸ்கரா. அதற்கடுத்ததிலும். பிரேசில் பள்ளிப் புத்தகங்களில் அந்தச் சூத்திரத்துக்குப் பெயரே பாஸ்கரா சூத்திரம். 1114இல் பிறந்த, லீலாவதியும் பீஜகணிதமும் எழுதிய நம் பாஸ்கரர்தான். அவரே அந்த வழியை ஸ்ரீதரர் சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறார். எப்படியோ கடல் கடந்து பிரேசிலுக்குப் போய் பாஸ்கரர் பெயரில் நின்றுவிட்டது. பாளையங்கோட்டையில் நாங்கள் அதை யார் பெயரும் இல்லாமல் வெறும் சூத்திரம் என்றுதான் படித்தோம்.

மறுநாள் அந்தப் பெண்ணை அழைத்து, பாஸ்கரர் என் நாட்டுக்காரர் என்று சொன்னேன். நம்பவில்லை. இணையத்தில் படத்தோடு காட்டினேன். வகுப்பில் இருந்த பிரேசில் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து கணக்கு வகுப்பில் தங்களுக்குத் தெரிந்தது எதுவும் செல்லாது என்று எண்ணிக் குனிந்திருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த வாரம் இருபடிச் சமன்பாட்டைக் கரும்பலகையில் அவள் நடத்தினாள், பாதி ஆங்கிலம், பாதி போர்த்துகீசியம். நான் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

அந்தத் தாளை ஒவ்வோர் ஆண்டும் புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். ஹைட்டியிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் அதில் வேறு வேறு வழக்கங்களைச் சேர்த்திருக்கிறார்கள். துறையில் மற்ற ஆசிரியர்களும் பயன்படுத்துகிறார்கள். எண்ணுக்கு மொழி ஏது என்று கேட்டவர்களும்தான். உரிமம் புதுப்பிக்கச் செய்த ஒரு வேலையிலிருந்து பிறந்தது அது. யாராவது கட்டாயப்படுத்தியிராவிட்டால் அன்றாட அவசரத்தில் நான் அதை உட்கார்ந்து செய்திருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது 15 புள்ளிகளைப் பற்றித் தமிழ்ப் பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளைத் தனியே ஒதுக்காமல் அரசுப் பள்ளியே இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் 1972இல் சட்டம் கொண்டுவந்தது. அத்தியாயம் 766 என்று அதைச் சொல்வார்கள். நாடு முழுமைக்குமான சட்டம் மூன்றாண்டு கழித்து 1975இல்தான் வந்தது. இன்று தேவை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி. என்று ஒரு தனித்திட்டம் எழுதுகிறார்கள். எழுதும்போது பெற்றோர் உடன் இருக்க வேண்டும். அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் திட்டம் நடைமுறைக்கு வரும். ஆங்கிலம் கடினம் என்றால் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம்மவர்கள் பலர் அந்தக் கையெழுத்தைப் போடத் தயங்குகிறார்கள். “என் பிள்ளைய ஸ்பெஷல் எஜுகேஷன்ல போட்டா நாளைக்கு காலேஜ்ல என்ன சொல்வாங்க?” என்று என்னிடம் அழுத அம்மாக்கள் உண்டு. ஐ.இ.பி. இருப்பது மதிப்பெண் பட்டியலில் வராது. கல்லூரிக்குப் பள்ளி தானாக அனுப்பும் விவரமும் இல்லை. உதவி கிடைக்காமல் வகுப்பில் மூழ்கும் பிள்ளைதான் பின்னால் கல்லூரியில் தடுமாறுகிறது. இதைப் பக்குவமாகச் சொல்ல எனக்குக் கற்றுத் தந்தது ஒரு புதுப்பிப்புச் சுழற்சியில் எடுத்த சிறப்புக் கல்விப் பயிற்சி. அதற்கு முன்பும் மனது இருந்தது, சொல்லத் தெரியாது.

அந்தப் பயிற்சி என் வினாத்தாளையும் மாற்றியது. பல படிகள் உள்ள ஒரு கணக்கில், அடுத்த படி என்ன என்பதை மனதில் நிறுத்தி வைக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமன்பாடு தெரியும். மூன்றாம் படியில் நிற்கும்போது இரண்டாம் படி மறந்துவிடும். படிகளைச் சின்ன அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடும். அட்டை கொடுப்பது நியாயமா என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: இந்தக் கேள்வியில் நாம் சோதிப்பது என்ன? சமன்பாட்டையா, நினைவாற்றலையா? சமன்பாட்டை என்றால் அட்டை இருக்கட்டும். பார்வைக் குறை உள்ள பிள்ளையின் கண்ணாடியை யாரும் கழற்றச் சொல்வதில்லையே. இன்று என் வகுப்பில் அந்த அட்டை எல்லோர் மேசையிலும் கிடக்கும், வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பயிற்சியும் இப்படி இருப்பதில்லை. காணொளியை ஓடவிட்டு, முடிவில் ஐந்து எளிய கேள்விகளுக்கு விடை சொன்னால் சான்றிதழ் தரும் படிப்புகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. உரிமம் முடியப் போகும் மாதங்களில் சிலர் அவற்றை அள்ளிக்கொள்வார்கள். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. ஆனால் ஆசிரியரின் மாலை நேரம் விலைமதிப்புள்ளது. வீட்டில் பிள்ளைகள், திருத்த வேண்டிய தாள்கள், அடுத்த நாள் பாடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருகிறோம். அப்படிக் கொடுத்த நேரத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் எழுந்து போவது எனக்குச் சகிக்காது. அதனால் சின்னச் சின்னதாகச் சேர்ப்பதைவிட, ஒரு சுழற்சிக்கு ஒரு முழுப் பல்கலைக்கழகப் படிப்பாவது எடுப்பது என்று வைத்திருக்கிறேன். முதுநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 22.5 பி.டி.பி. மூன்று கிரெடிட் படிப்பு 67.5. கிட்டத்தட்டப் பாதிப் புள்ளி ஒரே கோடையில் வந்துவிடும். முக்கியமாக, ஒரு பேராசிரியர் நம் வேலையைப் படித்துக் கருத்து எழுதுவார்.

பக்கத்தில் இருக்கும் ஃப்ரேமிங்ஹாம் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போதெல்லாம் மனதில் ஒரு மரியாதை வரும். 1839 ஜூலையில் லெக்சிங்டனில் அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஹோரஸ் மேன் முன்னெடுத்த முயற்சி. சைரஸ் பியர்ஸ் முதல் தலைமையாசிரியர். முதல் நாள் வந்தவர்கள் மூன்றே மூன்று இளம்பெண்கள். அந்தப் பள்ளிதான் இடம் மாறி 1853இல் ஃப்ரேமிங்ஹாமுக்கு வந்து இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. ஆசிரியர் வேலையை முறையாகக் கற்றுத்தான் செய்ய வேண்டும் என்று இந்த நாட்டில் ஓர் அரசு முதலில் நினைத்த இடம். இன்று லெக்சிங்டனில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த முதல் வகுப்பு நடந்த ஊரில்தான் வசிக்கிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

என் தங்கை தென்காசிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றித் தீர்ப்புச் சொன்ன அன்று இரவு அழைத்தாள். ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவர்களானாலும், இரண்டாண்டுக்குள் டெட் தேர்வில் தேற வேண்டும் என்பது தீர்ப்பு. “இருபது வருசமா பாடம் எடுக்கேன். இப்பப் போயி பரீட்சை எழுதுன்னா என்னக்கா நியாயம்?” என்றாள். குரல் நடுங்கியது.

எனக்கு அவளுடைய வேதனை புரிந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவரை அளக்க உருவாக்கிய தேர்வு அது. இருபதாண்டு அனுபவத்தை அதை வைத்து அளக்க முடியாது. நான் எம்டெல் எழுதியது வேலைக்கு வரும் முன்பு. புதுப்பிக்கும்போது யாரும் என்னைத் திரும்பப் பரீட்சை எழுதச் சொல்லவில்லை. கற்றுக்கொண்டே இரு, கற்றதை வகுப்பில் செய்து காட்டு என்றுதான் சொன்னார்கள். இந்தியாவில் டெட் சான்றிதழுக்கு முதலில் ஏழாண்டு ஆயுள் வைத்தார்கள். 2021இல் அதை வாழ்நாளுக்கும் செல்லும் என்று மாற்றினார்கள். ஒரு முனையில் ஒரு முறை தேறினால் ஆயுளுக்கும் போதும் என்கிற நிலை. மறுமுனையில் இருபதாண்டு கழித்துப் புதியவரோடு உட்கார்ந்து எழுது என்கிற நிலை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

அந்த வழிக்கு வேண்டியது ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. தங்கை குறுவள மையப் பயிற்சிக்கும் வட்டார வள மையத்துக்கும் போய் வருகிறவள்தான். நல்ல கருத்தாளர் வந்தால் அன்று இரவு எனக்கு ஒரு மணி நேரம் சொல்வாள். சொல்லிவிட்டு, “நான் அங்க கத்துக்கிட்டு வந்து வகுப்புல என்ன செஞ்சேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கக்கா” என்று முடிப்பாள். அதைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அந்தப் பயிற்சிகளுக்குப் புள்ளி கொடுத்து, அவள் வகுப்பில் செய்ததைப் பார்த்து மதித்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை கணக்குப் பார்த்தால் அவளைப் போன்றவர்கள் யாரும் பின்வாங்க மாட்டார்கள். ஆசிரியர் சங்கங்களும் இதைக் கோரிக்கையாக வைக்கலாம்.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கா முழுக்கச் செல்லும் ஆசிரியர் உரிமம் என்று ஒன்று கிடையாது. நியூ ஜெர்சியின் நிரந்தரச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. கலிஃபோர்னியாவில் ஐந்தாண்டுக்கொரு முறை விண்ணப்பமும் கட்டணமும் போதும். டெக்சாஸில் வகுப்பு ஆசிரியருக்கு ஐந்தாண்டுக்கு 150 மணி நேரம், இல்லினாயில் 120, நியூயார்க்கில் 100. கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாறி வண்டியில் சாமான் ஏற்றும் முன்பு, போகும் மாநிலத்தின் கல்வித் துறை இணையதளத்தைப் பாருங்கள். இருக்கும் உரிமத்தை உயிரோடு வைத்துக்கொண்டு போவது, அங்கே போய் முதலிலிருந்து தொடங்குவதைவிடப் பல மடங்கு எளிது.

இன்னொன்று: சான்றிதழ்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸில் விண்ணப்பிக்கும்போது 150 புள்ளி இருக்கிறது என்று நாம் உறுதிமொழி கொடுத்தால் போதும். காகிதம் எதையும் அனுப்பத் தேவையில்லை. ஆனால் டெசி எப்போது வேண்டுமானாலும் தணிக்கைக்குக் கேட்கலாம். பள்ளி மாவட்டத்தில் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கண்காணிப்பாளர் மாறுவார், மென்பொருள் மாறும். பயிற்சியின் பெயர், தேதி, புள்ளி, நடத்தியவரின் கையெழுத்து நான்கும் இருக்கிறதா என்று சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பாருங்கள். நான் ஓர் உறையில் காகிதமாகவும் கணினியில் படமாகவும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சான்றிதழோடும் அந்தப் பயிற்சிக்காக நான் செய்து கொடுத்ததையும் சேர்த்தே வைப்பேன். தணிக்கைக்கு அது உதவும். எனக்கோ, நான் எந்த ஆண்டு எந்தப் பிள்ளைகளுக்காக எதைக் கற்றேன் என்று அந்த உறையைத் திறந்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சுழற்சியில் எஸ்.இ.ஐ.க்கும் சிறப்புக் கல்விக்கும் உரிய புள்ளிகள் முடிந்துவிட்டன. பாட அறிவுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் நுண்கணிதத்தைவிடப் புள்ளியியலைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த புள்ளியியல் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பது. இவர்கள் கையில் உண்மையான தரவு இருக்கிறது. அதை எப்படிச் சந்தேகிப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்கு முதலில் எனக்குத் தெரிய வேண்டும். ஜூலையில் வகுப்புத் தொடங்குகிறது. முடிவில் செய்து கொடுக்க வேண்டிய வேலைக்கு, எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்துகள் எந்தத் தெருக்களில் அதிகம் தாமதமாகின்றன என்பதைப் பிள்ளைகளே கணக்கெடுக்கும் ஒரு பாடத்தை எழுதப் போகிறேன். துறைத் தலைவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார். பேருந்து ஓட்டுநர்களிடம் பேசி நேர அட்டவணைகளை வாங்க வேண்டியது பாக்கி.